ஊறப் போட்ட பாட்டு

வேன் சந்துக்குள் வராது. தாராவித் தொண்ணூறடி ரோட்டு முனையில் நின்று ஹாரன் அடிக்கும். பிள்ளைகள்தாம் ஓடிப் போய் ஏறிக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் வேன்காரர் ஹாரன் அடிப்பதற்கு முன்பே, ஜன்னலோரத்துப் பிள்ளைகள் ஒரே குரலில் அடித்துவிட்டார்கள்.

"பாம் பாம்! சுடலைக்கண்ணா!"

மாரிசெல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த ஐந்து வயதுச் சுடலைக்கண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அத்தை, கேட்டியா? நேத்துல இருந்து சப் லோக், எல்லாரும், என் பேருதான் பாடுறாங்க!"

"சரி, ஏறு. டப்பாவை மறந்துராத."

வேன் நகர்ந்த பிறகும் அந்தக் கூச்சல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அதைக் கேட்க விரும்பாதவள்போல் மாரிசெல்வி வேகமாகத் திரும்பி நடந்தாள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகலாம்.

மாரிசெல்வியின் தம்பி ராஜசேகர், பத்தொன்பது வயதில், தாராவிப் பையன்கள் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு ராப் ஆல்பம் பாடினான். எட்டுப் பாட்டு. பாடி முடித்த சூட்டோடு அந்தக் கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள். இன்னொரு கம்பெனி வாங்கியது. தீபாவளிக்கு என்றார்கள், பொங்கலுக்கு என்றார்கள், கொரோனா போகட்டும் என்றார்கள். பையன்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். சேகர் லேப்டாப் ரிப்பேர் கடையில் உட்கார்ந்தான். கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது. ராஹில் ஒருவன்தான் பாட்டை விடாமல் பிடித்துக்கொண்டவன். போன வருஷம் அவன் பாடிய இந்திப் பாட்டு ஒன்று நாடெல்லாம் ஓடியது. உடனே கம்பெனிக்குப் பழைய ஆல்பத்தின் ஞாபகம் வந்துவிட்டது. ஒன்பது வருஷம் கிடப்பில் கிடந்தது, இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே வருகிறது.

மூன்றாவது பாட்டின் துண்டு ஒன்றை இரண்டு நாள் முன்பாகவே கம்பெனி அவிழ்த்து விட்டிருந்தது. ஒரு சைக்கிள் ஹாரன், ஒரு பெயர், மறுபடியும் ஹாரன். அவ்வளவுதான் அந்தத் துண்டில். மீதியெல்லாம் ஆறு மணிக்கு.

அந்தப் பெயர் சின்னவனுடையது அல்ல. அவன் பிறப்பதற்கு முன்னால் பாடிய பாட்டு அது. பெயர் அவனுடைய தாத்தாவுடையது.

தாத்தா சுடலைக்கண்ணன் தாராவியில் இட்லி அவித்து, சைக்கிளில் வைத்து, மாஹிம் மாதுங்கா என்று தெருத் தெருவாக விற்று இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். பின்னால் இட்லிப் பானை, ஹேண்டில்பாரில் சட்னி வாளி, கைக்கு எட்டும் இடத்தில் ரப்பர் பந்து வைத்த ஹாரன். மாரிசெல்வி பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்துக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த மாதத்தில், வள்ளியூர்ப் பக்கம் இருந்த தம் அக்காவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, அக்கா மகனுக்கே அவளைக் கட்டிக் கொடுத்தார். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று வருஷம் பட்ட பாட்டுக்குப் பிறகு, ஒரு துணிப்பையோடு அவள் திரும்பி வந்தாள்.

வந்த புதிதில் ஒரு மத்தியானம், மாடிக்குப் போகும் இரும்பு ஏணியில் உட்கார்ந்து, தம்பியிடம் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். இட்லியையாவது விலை சொல்லித்தானே விற்றார், என்னை அதுகூடக் கேட்காமல் தள்ளிவிட்டாரே என்று அழுதாள். சேகருக்குத் தமிழ் எழுத வராது. அக்கா சொன்னதை இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டு போய்ப் பாட்டாக்கிவிட்டான். பாட்டின் கோபம் அவனுடையது. வார்த்தை அவளுடையது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைப் பாட்டு அறியாது. அடுத்த மாதமே அப்பா மாதுங்காவில் கம்ப்யூட்டர் வகுப்பில் மகளைச் சேர்த்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு அவள் கூடவே நடந்து போய், அவள் படித்து முடித்து இறங்கும் வரை அந்தத் தெருவிலேயே நின்று விற்றார். அந்த வகுப்பு முடிகிற வரை மாஹிம் பக்கம் வியாபாரத்துக்கு அவர் போகவே இல்லை. அம்மா பேராச்சி கண்ணை மூடும்போது, மகள் செம்பூர்க் கண் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மன்னிப்பு என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. சேகர் தன் மகனுக்கு அப்பாவின் பெயரையே வைத்தான். பேரனுக்குத் தாத்தா பேர் வைப்பது வழக்கம்தான். ஆனால் சேகர் வைத்தபோது அது வழக்கம் மட்டும் அல்ல என்பது அவனுக்கும் அவன் அக்காவுக்கும் தெரியும்.

மனுஷர்கள் மாறிவிட்டார்கள். பாட்டு மட்டும் அப்படியே இருந்தது.

சந்துக்குள் திரும்பி வந்தபோது அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் போன பிறகு சைக்கிள் இல்லை. கிரைண்டரில் மாவு ஆட்டிக் கடைகளுக்குக் கொடுப்பதோடு சரி. இன்று மாவுக்கும் விடுமுறை.

"ஏட்டி செல்வி, லீவு போட்டியா இல்லியா? சாயங்காலம் நீ இல்லாம எப்பிடி?"

"போட்டுட்டேம்ப்பா."

"செட்டுக் கடை ஹமீதுகிட்ட சொல்லிட்டேன். ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி. சந்து முனையில ஒண்ணு, நம்ம வாசல்ல ஒண்ணு."

"எதுக்குப்பா பெட்டியெல்லாம்? போன்ல கேட்டாப் போதாதா?"

"போன்ல கேக்கதுக்கா ஒம்பது வருசம் காத்துக் கெடந்தேன்?" அவர் சிரித்தார். "மாதுங்காவுல ஒரு மாமி, இட்லி வாங்கும்போதெல்லாம் கேப்பா, ஒம் பையன் பாட்டு வந்துதான்னு. வருது மாமி, வருது மாமின்னு நானும் சொல்லிச் சொல்லி வாய் தேஞ்சு போச்சு. அவளுக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். இன்னைக்கு ஒரு நாள் போதும் எனக்கு."

மாரிசெல்வி அவர் முகத்தைப் பார்க்காமல் வாசலில் கிடந்த செருப்புகளை ஒதுக்கி வைத்தாள்.

"மாவை ஒரு நாள் கூட வச்சாலே புளிச்சிப் போவுது. எம்மவன் பாட்டு ஒம்பது வருசம் ஊறியும் புளிக்கல பாத்தியா!"

உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த தம்பி மனைவி விஜயலட்சுமி குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டாள்.

"மைனி, ஒரு சங்கதி."

"என்ன விஜி?"

"சாயங்காலம் அந்தப் பேரைப் பெட்டியில கூவுவாங்களாம்லா. மாமா பேரு, நான் வாயால சொல்லப்பிடாத பேரு. ஸ்கூல்ல சேக்கும்போதே பிள்ளை பேரு என்னன்னு கேட்டதுக்கு நான் எழுதித்தான் காட்டுனேன். மேடம் என்னைய ஊமைன்னு நெனைச்சிட்டாங்க. இப்பம் சந்தே கூவும்போது நான் எங்க போய் நிக்க?"

வேறொரு நாளாக இருந்தால் மாரிசெல்வி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

சயானில் பஸ் பிடித்து அக்காவும் தம்பியும் செம்பூர் போய்ச் சேர்ந்தார்கள். கம்பெனியின் அலுவலகம் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்தது. வெளியீட்டு வேலையெல்லாம் பார்ப்பவர் அனந்தகிருஷ்ணன். ஓய்வு பெறும் வயசு. நெற்றியில் மெல்லிய சந்தனக் கீற்று.

"உக்காருங்கோ. ராஜசேகர்தானே? ஆத்துல எல்லாரும் சந்தோஷமா இருப்பாளே இன்னிக்கு."

"சார், ஒரு உதவி. மூணாவது பாட்டை மட்டும் எடுத்துருங்க. மத்த ஏழும் வரட்டும்," என்றான் சேகர்.

அனந்தகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "மூணாவதா? அதானே ஆல்பமே! பாக்கி ஏழும் அதுக்குத் துணைக்குன்னா வரது."

"அது எங்க அப்பா பேரு சார்," என்றாள் மாரிசெல்வி.

"தெரியும்மா. ஒப்பந்தப் பேப்பர்லயே போட்டிருக்கே."

"அவரு இருக்காரு சார். உயிரோட, வீட்டுல, வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. சாயங்காலம் பாட்டுக் கேக்கணும்னு பெட்டி கட்டச் சொல்லியிருக்காரு."

பெரியவரின் முகம் மாறியது. கழற்றின கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நான் என்ன பண்றது சொல்லுங்கோ. ரெண்டு வாரம் முன்னாடியே போன்ல பாட்டுக் கேக்கற எல்லா ஆப்புக்கும் அனுப்பியாச்சு. ஆறு மணிக்கு அதது தானாத் திறந்துக்கும். தடுக்கணும்னு நானே நெனைச்சாலும் எந்தக் கதவைன்னு போய்ச் சாத்துவேன்?"

"ஆரு சொன்னா எடுப்பாங்க?" என்று கேட்டான் சேகர்.

"ராஹில் சொன்னா மேலே கேப்பா. அதுவும் இன்னிக்கு இல்லை, அப்புறமா. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கேளே தம்பி."

"பத்தொம்பது வயசுல போட்டது சார்."

"அந்த வயசுலதான் எல்லாரும் போடறா."

சேகர் ராஹிலுக்குப் போன் போட்டான். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை, ஏதோ ஊரில் மேடை ஏறப்போகும் இரைச்சலுக்கு நடுவே குரல் கேட்டது.

"ஷேகர் பாய்! இன்னைக்கு நம்ம நாள்டா!"

"ராஹில், அந்த அப்பா பாட்டு வேண்டாம்டா. எடுக்கச் சொல்லு. ப்ளீஸ்டா."

"பாகல் ஹே க்யா? பைத்தியமாடா? அந்தப் பாட்டைக் கேட்டு நம்ம மேனேஜர் அழுதான்டா. தமிழே தெரியாதவன்! அது இல்லேன்னா மீதியை யாரு கேப்பா?"

"அப்பா கேப்பாருடா."

ராஹில் குரலைத் தாழ்த்தினான். "அங்கிள்கிட்ட ஸாரி சொல்லிரு பாய். பழைய பாட்டுன்னு சொல்லு. சமஜ் ஜாயேங்கே, புரிஞ்சிக்குவாரு. ஸ்டேஜுக்குக் கூப்பிடுறாங்க, அப்புறம் பேசுறேன்."

போன் அணைந்தது. அனந்தகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார்.

"இதைச் சொல்றதா வேண்டாமான்னு தெரியலை. ஞாயித்துக்கிழமை வீடியோ எடுக்க ஆளுங்க வரா, உங்க இடத்துக்கே. அந்த ஹாரன் இன்னும் இருக்கோன்னு கேட்டா. அப்பாவும் இருக்கார்னா, சைக்கிளோட சும்மா நின்னாப் போறும்னு…"

"நின்னாப் போறுமா?"

"பேச வேண்டாம்னு சொன்னா."

மாரிசெல்வி எழுந்துவிட்டாள். அனந்தகிருஷ்ணன் மாடிப்படி வரைக்கும் கூடவே வந்தார். கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். அவரைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் இருவரும் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"யக்கா."

"ம்."

"எல்லாம் நான் எழுதுனதாவே இருக்கட்டும். நீ சொன்னதுன்னு அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்."

"ஏம்லே?"

"மவன் ஏசுனா அப்பா தாங்கிக்கிடுவாரு. நாலு ஏச்சு திருப்பி ஏசிட்டுச் சோறு கேப்பாரு. நீ ஏசுனன்னு தெரிஞ்சா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இதைத்தான் காலையிலிருந்து அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். தம்பி வாயால் கேட்டதும் அது இன்னும் பாரமாகிவிட்டது.

"அதோட சின்னவன்," என்றான் சேகர். "எம்பிள்ளை பேரைச் சொல்லி ஊரே கூவப்போவுது. நான் அப்பாவை ஏசல யக்கா. எம்பிள்ளையைத்தான் ஏசிருக்கேன். அன்னைக்கு அது தெரியல பாரு."

செட் வாடகைக்கு விடும் ஹமீதின் கடை சந்து முனையில் இருந்தது. சேகரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மாரிசெல்வி மட்டும் உள்ளே போனாள்.

"ஹமீது அண்ணே, ஆம்பிளிபயர் எரிஞ்சு போச்சுன்னு அப்பாகிட்டச் சொல்லுங்க."

"யா அல்லா! ஏன் தங்கச்சி?"

"காரணம் கேக்காதிய. எனக்காகச் சொல்லுங்க."

"அண்ணாச்சி காலையில இருந்து மூணு தடவை வந்து பாத்துட்டாரு. நான் பொய் சொன்னா மூக்கு வேர்த்துரும், ஊருக்கே தெரியும்." அவள் முகத்தைப் பார்த்தவர் பெருமூச்சு விட்டார். "சரி, சொல்லிப் பாக்கேன்."

சொல்லவும் செய்தார். வாசலில் வந்து நின்று, மூக்கைத் துடைத்துத் துடைத்து, "அண்ணாச்சி, செட்டு எரிஞ்சு போச்சு" என்றார்.

அப்பாவின் முகம் ஒரு கணம் விழுந்தது. மறுகணமே நிமிர்ந்துவிட்டது.

"அட, இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு வந்த? அம்மன் கோயில் செட்டு இருக்குல்லா! சாவி எங்கிட்டத்தான் இருக்கு. கொடைத் திருவிழாவுக்கு மட்டுமா அது? நம்ம வீட்டு நல்லதுக்கும்தான். வா, நீயே வந்து வயரைக் கட்டு."

ஹமீது மாரிசெல்வியைப் பார்த்தார். மாரிசெல்வி ஹமீதைப் பார்த்தாள். எரியாத செட்டைக் கடையில் பூட்டிவிட்டு, கோயில் செட்டுக்கு வயர் கட்டப் போனார் ஹமீது.

இனி ஒரே ஒரு வழிதான் பாக்கி. பெட்டி சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது.

அப்பா உள்ளே தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பழைய ஹாரனுக்குத் தேங்காயெண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். காய்ந்து வெடித்த ரப்பர் பந்தில் விரலால் எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்து விட்டார். மாரிசெல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்பா."

"இங்க பாரு, இன்னும் ஊதுது!" ஒரு முறை அழுத்தினார். பாதிச் சத்தமும் பாதிக் காற்றுமாக வந்தது.

"எப்பா, அந்தப் பாட்டுல ஒங்க பேரு வருது…"

"தெரியும்லா! வேன் பிள்ளைய எல்லாம் பாடுதாம். சின்னவன் சொன்னான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "செல்வி, நான் ஒண்ணு சொல்லுதேன், நீ சிரிக்கப்பிடாது. எம்பேரை எங்கயாவது கூப்புட்டுக் கேட்டிருக்கியா நீ? இட்லிக்காரான்னுதான் கூப்புட்டாவ. பாம்பாம்னு கூப்புட்டாவ. கோயில்ல வரி குடுத்தவிய பேரு வாசிக்கும்போது வருசத்துக்கு ஒருக்க எம்பேரு வரும். அவ்வளவுதான். இவன் பாத்தியா, பாட்டுலயே போட்டுட்டான். சின்னப் பயலா இருக்கும்போதே போட்டுருக்கான். எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசாம திரிஞ்ச காலம் அது. உள்ளுக்குள்ள இவ்வளவு பிரியம் வச்சிருந்திருக்கான்."

அவள் கையில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். கிண்ணத்தின் விளிம்பை விரலால் துடைத்தாள்.

"என்னட்டி, கண்ணு கலங்குது?"

"எண்ணெய்க் கையைக் கண்ணுல வச்சிட்டேம்ப்பா."

ஆறு மணிக்குச் சந்து நிறைந்துவிட்டது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் மடியில் ஹாரனோடு உட்கார்ந்திருந்தார். சின்னவன் நாற்காலியின் கையில் ஏறி நின்றிருந்தான். விஜயலட்சுமி முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு உள்ளே நின்றாள். சேகர் செட்டுக்குப் பக்கத்தில் நின்றான். அவன் போனில் இருந்துதான் பாட்டு.

முதல் பாட்டு வந்தது. பையன்கள் ஆடினார்கள். இரண்டாவது இந்தியிலேயே ஓடியது. எதிர்வீட்டு மாடத்தி அக்கா, "ஏ சேகர், ஒனக்கு இவ்வளவு இந்தி வருமாலே?" என்று கேட்டுச் சிரிப்பை மூட்டினாள்.

மூன்றாவது.

பெட்டியில் ஹாரன் ஒலித்ததும் அப்பா துள்ளிவிட்டார். "நம்ம ஹாரன்! கேளுங்கல, நம்ம ஹாரன்!" தாமும் மடியில் இருந்ததை அழுத்தினார். பாம் பாம். சந்து ஆரவாரித்தது. மேளமும் அதிர்வும் ராஹிலின் கத்தலும் ஒன்றின் மேல் ஒன்றாக விழ, நடுவே சேகரின் பத்தொன்பது வயதுக் குரல் மழை கொட்டுகிற மாதிரிக் கொட்டிக்கொண்டு ஓடியது. கேட்டவர்களுக்குக் கையில் பிடிபட்டது ஹாரனும் பெயரும்தான். ஒவ்வொரு முறை பெயர் வந்தபோதும் சந்தே கூவியது. ஒவ்வொரு முறையும் அப்பா ஹாரனால் பதில் சொன்னார்.

"ரொம்ப வேகமாப் போவுது, ஒண்ணும் வெளங்கல," என்று பக்கத்தில் இருந்தவரிடம் கத்தினார். "ஆனா நல்லாருக்கு!"

"இன்னொருக்கப் போடு!" என்றது கூட்டம். போட்டார்கள்.

இரண்டாவது ஓட்டத்தில் மாடத்தி அக்காவின் கைதட்டல் நடுவில் நின்றது. அவள் காதில் என்னவோ விழுந்துவிட்டது. மெல்லத் திரும்பி மாரிசெல்வியைப் பார்த்தாள். மாரிசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னொருக்க! இன்னொருக்க!"

மூன்றாவது ஓட்டத்தில் பெயரைக் கூவினபோது சேகருக்குப் பொறுக்கவில்லை. அவன் பார்வை மகன் மேல் இருந்தது. பையன் நாற்காலிக் கையில் நின்று, இரண்டு ஓட்டத்திலேயே வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு, வாய் அசைத்து, எல்லாவற்றையும் கூடவே பாடிக்கொண்டிருந்தான். சேகர் எட்டி வயரைப் பிடுங்கினான்.

சத்தம் பட்டென்று அறுந்தது. சந்து அமைதியாயிற்று.

அந்த அமைதிக்குள் சின்னவன் மட்டும் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தால் எப்படிச் சொல்வானோ அப்படி, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லும் மணி மணியாக, கையை ஆட்டி ஆட்டிப் பாடினான்.

"தெருத் தெருவா இட்லி வித்தே, சுடலைக்கண்ணா
திரும்பி வந்து என்னை வித்தே, சுடலைக்கண்ணா
இட்லிக்காச்சும் வெலை சொன்னே, சுடலைக்கண்ணா
எனக்கு ஒரு வெலை இல்லையா, சுடலைக்கண்ணா!"

பாடி முடித்துத் தாத்தாவைப் பார்த்தான்.

"தாத்தா, இப்போ பாம் பாம் அடிக்கணும்."

தாத்தாவின் கை ஹாரன் மேல் இருந்தது. அசையவில்லை.

"அடிங்க தாத்தா!" பையன் குனிந்து, அவர் விரல்களோடு சேர்த்துத் தன் இரண்டு கையாலும் பந்தை அமுக்கினான். காற்றுதான் வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சின்னவன் சுற்றிலும் பார்த்தான். எதில் தப்புச் செய்தோம் என்று புரியாமல் அவன் உதடு பிதுங்கியது. விஜயலட்சுமி ஓடி வந்து பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஏல சேகர்," என்றார் அப்பா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"எப்பா."

"இது ஆரு எழுதுனா?"

"நாந்தாம்ப்பா. நானேதான். அப்பம் புத்தி இல்லப்பா, சின்ன வயசு. அது அப்பவே முடிஞ்சு போச்சுப்பா, இவனுவதான் இப்பம்…"

அப்பா அவனை முடிக்க விடவில்லை.

"ஒன்னைய நான் எங்கலே வித்தேன்?"

பிடுங்கின வயர் சேகரின் கையிலேயே இருந்தது. அவனை யாரும் எங்கேயும் விற்கவில்லை. அவன் இந்தச் சந்தை விட்டு ஒரு நாள்கூட வெளியே தங்கினதில்லை.

அப்பா அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முழங்கால் திரும்ப மறுத்தது. நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, வீட்டு வாசல் பக்கம் திரும்பினார்.

வாசற்படியில் அவருக்குக் கொடுக்கக் கொண்டுவந்த தண்ணீர்ச் சொம்போடு மாரிசெல்வி நின்றிருந்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். அவளால் பார்வையை எடுக்க முடியவில்லை. சொம்பைக் கீழே வைக்கவும் முடியவில்லை.

சந்து முனையில், நடந்தது எதுவும் தெரியாத யாரோ ஒரு பையன் தன் போனில் பாட்டை மறுபடியும் முதலிலிருந்து போட்டான்.

பாம் பாம்.